மோரிஸ் மைனரும் ஒரு சொம்புத் தண்ணியும்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. கோயமுத்தூர்ல இருந்து பைக்குலயா வந்தீங்க, இந்த வெயில்ல? மோர் கொண்டாரச் சொல்லியிருக்கேன், சம்மந்தியம்மா கொண்டாருவாங்க. ஆமாங்க, என்ற பொண்ணோட மாமியார்தான். அவங்க எப்படி இந்த வூட்டுல இருக்காங்கன்னு பின்னால சொல்றேன், அதுவும் இந்தக் கதையிலதான் வருது.

பழைய காரைப் பத்தி எழுதற ஆளுன்னு போன்ல சொன்னீங்க. ரெண்டு காலத்து வண்டியைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, எது எப்படின்னு எழுதணும்னீங்க. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. என்ற மோரிஸ் மைனர் அம்பத்தொண்ணாம் வருசத்து வண்டி. என்ற சம்மந்தி சென்னியப்பன் வெச்சிருக்கறது எம்பத்தேழாம் வருசத்துக் கான்டெஸா. ரெண்டுல எது ஒசத்தின்னு கேட்டீங்கன்னா நான் நடுநிலையாத்தான் சொல்லுவேன். மோரிஸ்தான் ஒசத்தி.

சிரிக்காதீங்க. காக்காய்க்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு நீங்க நினைக்கறது தெரியுது. அந்தப் பழமொழி சம்மந்திக்குத்தான் பொருந்தும், எனக்கில்லை. நான் ரெண்டு வண்டியிலயும் ஏறியிருக்கேன், ரெண்டையும் ஓட்டியிருக்கேன். கான்டெஸாவை ஒரு தடவை, அதுவும் பின்னால நகர்த்தத்தான். ஆனாலும் ஓட்டினது ஓட்டினதுதானுங்களே.

மோரிஸை எங்கய்யன் வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் துரைகிட்ட இருந்து வாங்கிட்டு வந்தாரு. முன்னால கண்ணாடியைப் பாருங்க, நடுவுல ஒரு கம்பி வெச்சு ரெண்டாப் பிரிச்சிருக்கும். இப்ப இங்க வந்து பாருங்க, கதவுக்குப் பக்கத்துத் தூண்ல ஒரு இடுக்கு இருக்கா? உங்க வண்டியில திரும்பணும்னா லைட்டு மினுக்கு மினுக்குனு எரியும். இதுல அப்படி இல்லீங்க. இந்த இடுக்குல இருந்து ஒரு கை வெளிய வரும். ஆரஞ்சு நிறத்துல, சாண் நீளத்துக்கு. இடது பக்கம் போறோம்னா இடது கையை நீட்டும், வலது பக்கம்னா வலது கை. நாம எல்லாம் அதைக் கைகாட்டின்னுதான் சொல்லுவோம். மரியாதை தெரிஞ்ச வண்டி. சில சமயம் நீட்டின கை உள்ள திரும்பாது, நான் வெளிய எட்டி ஒரு தட்டுத் தட்டிவிடுவேன். அது வண்டிக்குக் குறை இல்லீங்க. எழுபது வருசம் கை நீட்டினா உங்களுக்கும் எனக்கும்கூடத் தோள்பட்டை பிடிக்கத்தான் செய்யும்.

கான்டெஸா இருக்கே, அது பதினஞ்சடி நீளம். எங்கூட்டு வாசல்ல வந்து நின்னா மூஞ்சி இங்க இருக்கும், டிக்கி பக்கத்து வூட்டுல இருக்கும். உள்ள உட்கார்ந்தா மெத்தை. அமிழ்ந்து போயிருவீங்க, எந்திரிக்க ஒரு ஆளு கை கொடுக்கணும். குழியில இறங்கினாத் தெரியாது, மேட்டுல ஏறினாத் தெரியாது. ரோடு இருக்கறதே தெரியாம போறதுக்குப் பேரு பயணமுங்களா? மோரிஸ்ல போனா ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பு எண்ணிச் சொல்லிரும். எந்த ஊரு பஞ்சாயத்து ரோடு போட்டிருக்கு, எந்த ஊரு போடலைன்னு கண்ணை மூடிட்டே நான் சொல்லுவேன். இதை எழுதிக்குங்க.

என்ற பொண்ணு கோகிலாவுக்கு மோரிஸுன்னா உசுரு. சின்னப் பிள்ளையில கைகாட்டி வெளிய வந்தா அவளும் கையை ஆட்டுவா. அந்த வண்டியில ஏறினாலே அவளுக்குச் சந்தோஷம் தாங்காது, உடனே வாந்தி எடுத்துருவா. குழந்தைகளுக்குச் சந்தோஷம் அதிகமானா அப்படித்தான் வரும்னு நான் படிச்சிருக்கேன், எதுலன்னு ஞாபகமில்லை. அவ காலேஜுக்குப் போற வயசுலயும் அந்தச் சந்தோஷம் குறையலை. அதனாலதான் பஸ்ஸுல போறேன்னு சொல்லிட்டா, வண்டி அழுக்காயிருமாம். அவ்வளவு பாசம்.

அவ பன்னண்டாவது படிக்கறப்ப அவங்கம்மா சாவித்திரி போயிட்டா. அதுக்கப்பறம் நானும் கோகிலாவும்தான். அவளுக்கு ஜடை பின்ன நான் கத்துக்கிட்டேன். கோணலாத்தான் வரும், ஆனா பின்னிவிட்டேன். கண்ணாலம் பண்ணிக் கொடுத்து அனுப்பினப்ப வூடு வெறிச்சுனு ஆயிருச்சுங்க. நான் ரெண்டு நாள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். யாராவது கேட்டா பேட்டரி பார்க்கறேன்னு சொன்னேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன வைகாசியில அவளுக்கு ஒன்பதாம் மாசம். எங்க பக்கத்துல முதல் பிரசவத்துக்குப் பொண்ணைத் தாய் வூட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னா கட்டுச்சோறு கொண்டு போகணும். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறுன்னு வகைவகையாக் கட்டி எடுத்துட்டுப் போய் ஒறம்பரை, அதான் சொந்தக்காரங்களுக்கெல்லாம் விருந்து வெச்சு, பொண்ணை அழைச்சுட்டு வர்றது. நான் ஒத்தை ஆளு, சமையல்காரரை வெச்சு ஏழு வகைச் சோறு பண்ணி, மோரிஸ் டிக்கியில அடுக்கி, சந்தனம் வெச்சு, மாலை போட்டு, உடுமலைப் பக்கம் சம்மந்தி வூட்டுக்குப் போனேன். தயிர்ச்சோறு மட்டும் வழியில மத்த சோத்தோட கலந்துருச்சு. அது சமையல்காரர் மூடி சரியாப் போடலை.

சாப்பாடெல்லாம் நல்லா முடிஞ்சுது. வெத்தலை போடற நேரத்துலதான் சம்மந்தி ஆரம்பிச்சாரு. அவரு பேசறதே சர்க்கரை தடவித்தான் பேசுவாரு. கோகிலாவை அனுப்பறதுல அவருக்கு ஆட்சேபனையே இல்லையாம். ஆனா வூட்டுல பொம்பளை துணை இல்லை, தாயில்லாத வூட்டுல பொண்ணு எப்படிப் பிள்ளை பெறும், ராத்திரி பகல்னு யாரு பார்ப்பாங்க, அதனால இங்கயே இருக்கட்டுமேன்னாரு.

அவரு சொன்னது நியாயம்தான், தம்பி. நியாயமா இருந்ததுதான் எனக்குப் பொறுக்கலை. தாயில்லாத வூடுன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டாரு. ஒரு மாசமா வூட்டுக்கு வெள்ளையடிச்சு, தொட்டில் கம்பிக்கு எண்ணெய் போட்டு, அவ ரூம்புக்குப் புது ஃபேன் மாட்டி வெச்சுட்டு வந்திருக்கேன். வெறுங்கையோட திரும்பிப் போனா அந்த ஃபேனை நான் எப்படிப் பார்ப்பேன்?

ஆளு வெச்சுப் பார்த்துக்கறேன்னு சொன்னேன். அவரு மெதுவா வாசலைப் பார்த்துட்டு, வேற ஒண்ணைச் சொன்னாரு. அதுதான் எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு.

"அப்படியே அனுப்பறதா இருந்தாலும் அந்த மோரிஸ்ல எப்படிங்க அனுப்பறது? குலுக்கற குலுக்குல பாதி வழியிலேயே பேரனைப் பார்த்துருவீங்க."

ஒறம்பரை எல்லாம் சிரிச்சுட்டாங்க. நான் விடுவேனா? உங்க கான்டெஸா தொட்டில் மாதிரி ஆடும், நிறைமாசக்காரிக்குத் தலை சுத்தும்னு சொன்னேன். அவரு, வேணும்னா நானே கான்டெஸாவுல கொண்டாந்து உங்கூட்டுல விடறேன்னாரு. இது எப்படி இருக்கு பாருங்க. கட்டுச்சோறு கொண்டு போன அப்பன் தனியா முன்னால வர, பொண்ணை மாமனார் தன்ற வண்டியில கொண்டாந்து இறக்கினா ஊரு என்ன சொல்லும்? பொண்ணைத் திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்கன்னு சொல்லாதா? அப்பறம் பேச்சு வளர்ந்துது. அவரு மோரிஸைத் தகர டப்பான்னாரு. நான் கான்டெஸாவைக் கட்டிலுக்குச் சக்கரம் வெச்சதுன்னேன். மாப்ளை பாவம், யாரு பக்கம் பேசறதுன்னு தெரியாம இலை எடுக்கப் போயிட்டாரு.

கோகிலா நடுவுல என்னமோ சொல்ல வந்தா. நானும் சம்மந்தியும் ஒரே நேரத்துல, "நீ சும்மா இரு அம்மிணி, பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல"ன்னு சொன்னோம். அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போன விசயம் அது ஒண்ணுதான். அவ கண்ணு கலங்கிருச்சு. சம்மந்தியம்மா அவளைக் கூட்டிட்டு உள்ள போய் என்னமோ பேசிட்டிருந்தாங்க. சமாதானம் பண்ணியிருப்பாங்க.

சித்தே நேரம் கழிச்சு சம்மந்தியம்மா மட்டும் வெளிய வந்தாங்க. கையில ஒரு பித்தளைச் சொம்பு. அதுவரைக்கும் வாயே திறக்காத மனுசி, நடு வாசல்ல நின்னு சொன்னாங்க: "நிறைகுடம் தளும்பாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நிறைமாசக்காரியும் நிறைகுடம் மாதிரிதான். சொம்பு நிறையத் தண்ணி ஊத்துங்க. ரெண்டு வண்டியிலயும் நான் மடியில வெச்சுட்டுப் போய்ட்டு வர்றேன். எதுல தளும்பலையோ, அந்த வண்டிக்காரர் சொன்னபடி நடக்கட்டும்."

எவ்வளவு தெளிவு பாருங்க. எதிராளி வூட்டுக்காரி கையில சொம்பான்னு எனக்கு ஒரு நொடி பக்குனு இருந்துது. ஆனா அந்தம்மா மூஞ்சியைப் பார்த்தா சூது வாது இருக்கவே இருக்காது. சம்மந்தியும் தன்ற சம்சாரம்தானேன்னு மீசையைத் தடவிட்டே ஒத்துக்கிட்டாரு. அவங்க வூட்டு வாசல்ல இருந்து வாய்க்கால் பாலம் வரைக்கும் போய்த் திரும்பணும். போக ரெண்டு மைல், வர ரெண்டு மைல். வழியில ரயில்வே கேட்டு ஒண்ணு, வேகத்தடை மூணு, குழி கணக்கில்லை.

முதல்ல கான்டெஸா. கிணத்துத் தண்ணியைச் சொம்பு விளிம்பு வரைக்கும் ஊத்திக் கொடுத்தோம். சம்மந்தி வண்டியை ஓட்டலை, நகர்த்தினாரு. கண்ணாலத்துல மாப்பிள்ளை நடக்கற மாதிரி அப்படி ஒரு நடை. முக்கால் மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்தாங்க. சம்மந்தியம்மா இறங்கி சொம்பைக் காட்டினாங்க. நாலு விரக்கடை தண்ணி குறைஞ்சிருக்கு.

சம்மந்தி, ஒரு சொட்டு தளும்பியிருக்காதேங்கறாரு. நான் நடுநிலையான ஆளு, நானே பின் சீட்டைத் தடவிப் பார்த்தேன். சீட்டு காய்ஞ்சு கிடக்குது. கீழ கால் மிதியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ஞ்சு கிடக்குது. சம்மந்தியம்மா சேலையிலயும் ஒரு பொட்டு ஈரமில்லை. சம்மந்தியம்மா வாயை முந்தானையில துடைச்சுட்டு, "வெயில் ஜாஸ்திங்க"ன்னாங்க. அதுதான் காரணம். அந்த வண்டி அவ்வளவு பெருசு, அவ்வளவு கண்ணாடி, உள்ள சூடு ஏறித் தண்ணி ஆவியாப் போயிருக்கு. கான்டெஸா பெட்ரோலைத்தான் குடிக்கும்னு நினைச்சிருந்தேன், தண்ணியையும் குடிக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இதையும் எழுதிக்குங்க தம்பி.

அடுத்தது மோரிஸ். சொம்பை மறுபடியும் விளிம்பு வரைக்கும் நிரப்பினோம். சம்மந்தியம்மாவை முன்னால உட்காரச் சொன்னேன். அவங்க, அது சாவித்திரியக்கா சீட்டு, நான் பின்னால உட்கார்ந்துக்கறேன்னாங்க. அவங்க சாவித்திரியைப் பார்த்ததுகூட இல்லை. கோகிலா சொல்லியிருப்பா போல. நான் ஹாரன் அடிச்சுட்டு வண்டியை எடுத்தேன்.

மோரிஸ் அன்னிக்கு ஓடின ஓட்டம் இருக்கே. வாசல் தாண்டறப்பவே கைகாட்டி நீட்டி எல்லாருக்கும் சொல்லிட்டுக் கிளம்புச்சு. முதல் வேகத்தடையில என்ற தலை மேல போய் முட்டுச்சு. ரயில்வே கேட்டுல ரெண்டாவது தடவை. அதுக்குள்ள என்ற சட்டைக் காலரு பின்னால நனைஞ்சு போச்சு. பதட்டத்துல வேர்த்திருக்கு, முதுகு பூரா வேர்த்துக் கொட்டுது, சில்லுனு இருந்துது. பின்னால சம்மந்தியம்மா மட்டும் அசையலை. எப்படிங்க இருக்குன்னு கேட்டேன். நல்லாப் போகுதுங்க, நீங்க ரோட்டைப் பாருங்கன்னாங்க.

வாய்க்கால் பாலத்துல வண்டியைத் திருப்பறப்ப, சித்தே நிறுத்துங்கன்னாங்க. வாய்க்கால்ல தண்ணி விட்டிருந்த நேரம், கரையைத் தொட்டு ஓடுது. பார்த்து ரொம்ப நாளாச்சு, கால் நனைச்சுட்டு வர்றேன்னு இறங்கினாங்க. சொம்பையும் கையோட எடுத்துட்டுப் போனாங்க. ஏனுங்க, சொம்பு இங்கயே இருக்கட்டுமேன்னேன். பொறுப்பை ஏத்துக்கிட்டவ கையை விட்டு இறக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. அப்படி ஒரு நேர்மை. நான் அந்த நேரத்துல நீட்டின கை உள்ள போகாம நின்னதைத் தட்டிவிட்டுட்டு இருந்தேன். திரும்பறப்ப ரொம்ப மெதுவாப் போகச் சொன்னாங்க, ஊர்ந்துதான் வந்தேன்.

வாசல்ல ஒறம்பரை பூரா நிக்குது. சம்மந்தியம்மா இறங்கி சொம்பை நீட்டினாங்க. தம்பி, பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது என்ன? விளிம்பு வரைக்கும் தண்ணி. ஊத்தினது ஊத்தினபடி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எங்கய்யனை நினைச்சுக்கிட்டேன். வண்டி பானட்டைத் தொட்டுக் கும்பிட்டேன்.

சம்மந்தி மட்டும் கிட்ட வந்து சொம்புக்குள்ள எட்டிப் பார்த்தாரு. பார்த்துட்டு நிமிர்ந்து சம்சாரத்தைப் பார்த்தாரு. மறுபடி சொம்பைப் பார்த்தாரு.

"இதுக்குள்ள ஒரு மீன்குஞ்சு நீந்துதே"ன்னாரு.

நானும் பார்த்தேன். ஆமாங்க, நகத்துண்டு அளவு ஒரு மீன், வட்டமடிச்சுட்டு இருக்கு. அதுக்கென்ன? தண்ணி அவங்க கிணத்துத் தண்ணி. கிணத்துல மீன் இருக்காதா? போகும்போது இல்லையேங்கறாரு. போகும்போது நீங்க உள்ள எட்டிப் பார்த்தீங்களான்னு கேட்டேன். அவர் கிணத்து மீனுக்கு நான் பொறுப்பாக முடியுமா? இன்னும் சொல்லப்போனா, ஒரு மீன்குஞ்சு பயப்படாம நீந்திட்டு வந்திருக்குன்னா அந்த வண்டி எவ்வளவு அலுங்காமப் போயிருக்கணும். இதை நான் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். கோகிலா முந்தானையை வாயில வெச்சுட்டு உள்ள ஓடினா. ரொம்ப நாள் கழிச்சு அவ அப்படிச் சிரிச்சதை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

சம்மந்தி முப்பது வருச சம்சாரத்தை ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க. அந்தம்மா அசையலை. "நிறைகுடம் தளும்பலைங்க, அவ்வளவுதான்"னு சொல்லிட்டு மீனைக் கிணத்துல ஊத்தப் போயிட்டாங்க. சம்மந்தி, சரி, கூட்டிட்டுப் போங்கன்னாரு. தோத்தாலும் வாக்குத் தவறலை, அந்த விசயத்துல நல்ல மனுசன்.

நல்ல நேரம் பார்த்துக் கோகிலாவை வண்டியில ஏத்தினேன். பார்த்தா பின்னால சம்மந்தியம்மா ஒரு பையோட ஏறி உட்கார்ந்திருக்காங்க. சம்மந்தி பதறிப்போய் நீ எங்க போறேன்னு கேட்டாரு.

"தாயில்லாத வூடுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதுக்குத்தான் போறேன்."

அந்தப் பையை எப்ப கட்டினாங்களோ தெரியலை, நல்லாக் கட்டின பை, மூணு மாசத்துக்கு ஆகும். சுறுசுறுப்பான கை. நான் மட்டும் முன்னால உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்க முடியாம இருந்தேன். நன்றின்னு ஒரு வார்த்தை சொல்ல வரலீங்க. கைகாட்டியை நீட்டினேன், அவ்வளவுதான் என்னால முடிஞ்சது. வழியில கோகிலா ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. அப்பன் வூட்டுக்குப் போற சந்தோஷம்.

அதுக்கப்பறம் ஒரு மாசம் இந்த வூடு வூடா இருந்துது. சம்மந்தியம்மா வைக்கற பருப்பு வாசம் தெருமுனை வரைக்கும் வரும். இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். நம்ம தெருமுனையில ஒரு டீக்கடை இருக்கு, வர்றப்ப பார்த்திருப்பீங்க. அதுல டீ சுமாராத்தான் இருக்கும்னு நான் நினைச்சிருந்தேன். ஆனா அந்த ஒரு மாசமும் சம்மந்தி உடுமலைப் பக்கம் இருந்து கான்டெஸாவை எடுத்துட்டு தினமும் அந்தக் கடைக்கு வந்து டீ குடிச்சாரு. காலையில வந்தா பொழுதுக்கும் அங்கதான். வண்டியை நம்ம தெருவைப் பார்த்து நிறுத்தி வெச்சிருப்பாரு. கூப்பிட்டா வூட்டுக்குள்ள வர மாட்டாரு, இந்தப் பக்கம் தேங்காய் விசயமா வந்தேன்பாரு. டீக்கு அவ்வளவு ருசி இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

ஆனி மாசத்துல ஒரு நாள் மத்தியானம் கோகிலாவுக்கு வலி எடுத்துருச்சு. நான் எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். மோரிஸை முந்தின நாளே கழுவித் துடைச்சு நிறுத்தியிருந்தேன். சாவியைத் திருப்பறேன், மூச்சு விடலை. முன்னால கம்பியைப் போட்டுச் சுத்தறேன், சுத்தறேன், அசையலை. கழுவினப்ப தண்ணி எங்கயோ போயிருச்சு, அது என்ற தப்பு, வண்டி மேல சொல்லக்கூடாது. சம்மந்தியம்மா ஓடிப்போய்த் தெருவுல நின்னு கையைத் தட்டினாங்க. அவ்வளவுதான், கான்டெஸா வாசல்ல நிக்குது. டீ கிளாஸோட ஓடி வந்திருக்காரு மனுசன், கிளாஸ் டேஷ்போர்டு மேல இருக்கு. கோகிலாவைப் பின் சீட்டுல படுக்க வெச்சோம், அந்த சீட்டு அகலத்துக்கு அது முடிஞ்சுது. நான் முன்னால உட்கார்ந்தேன். பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் சம்மந்தி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கலை. குழி வந்தாத் தெரியலை, மேடு வந்தாத் தெரியலை. அன்னிக்கு மட்டும் ரோடு தெரியாததும் நல்லதுதான்னு தோணுச்சு. இதை எழுத வேண்டாம்.

இறங்கறப்பதான் பார்த்தேன், அந்தக் கிளாஸ்ல இருந்த டீ அப்படியே இருக்குது. ஒரு சொட்டு சிந்தலை. எப்படின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. ஒருவேளை டீ கெட்டியா இருக்கறதால தளும்பாதோ என்னமோ.

பொண்ணு பொறந்துது தம்பி. ரெண்டே முக்கால் கிலோ. நர்ஸ் கொண்டாந்து காட்டினப்ப நானும் சம்மந்தியும் ஒரே நேரத்துல கையை நீட்டிட்டோம். அவரு கையை இறக்கிக்கிட்டு, அப்புச்சி முதல்ல வாங்கட்டும்னாரு. அம்மாவைப் பெத்தவனை எங்க பக்கம் அப்புச்சின்னு சொல்லுவோம், அப்பாவைப் பெத்தவரு அப்பாரு. அப்புச்சின்னு முதமுதல்ல என்னைச் சொன்னது அவருதான். அதை நான் மறக்க மாட்டேன்.

அதுக்காக வண்டி விசயத்துல விட்டுக் கொடுக்க முடியுங்களா? இப்ப புரட்டாசி, பாப்பாவுக்கு மூணு மாசம் முடியுது. மூணாம் மாசமே தன்ற வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்கறாரு சம்மந்தி. அஞ்சாம் மாசந்தான் அனுப்பற வழக்கம்னு நான் சொல்றேன். அவரு, பாப்பா கான்டெஸாவுலதான் நல்லாத் தூங்குதுங்கறாரு. வாஸ்தவம், ஏத்தி ஒரு சுத்துச் சுத்தினா தூங்கிரும். ஆனா முழிச்சிருக்கறப்ப எங்க சிரிக்குது? மோரிஸ்லதான். கைகாட்டி வெளிய வந்ததும் பொக்கை வாயைத் திறந்து சிரிக்குது பாருங்க, ஆயிரம் கண்ணு வேணும். அவங்கம்மா மாதிரியே. ரெண்டு மாசம் தம்பி. குப்புற விழறதை, தவழறதை எல்லாம் இந்த வாசல்ல பார்த்துருவேன். நான் கேக்கறது அது ஒண்ணுதான்.

பேசிப் பேசி ஓயலை. கடைசியில மறுபடியும் சொம்புன்னு முடிவாச்சு. இன்னிக்குப் பதினோரு மணிக்கு. ஆனா சம்மந்தி ஒரு நிபந்தனை போட்டுட்டாரு. இந்தத் தடவை வூட்டு ஆளு சொம்பைத் தொடக்கூடாது, சம்பந்தமில்லாத வெளியாளுதான் பிடிக்கணுமாம். என்ன சந்தேகம் பாருங்க. கூட வாழ்ந்த சம்சாரத்தை நம்பாத மனுசன். சம்மந்தியம்மாவுக்கு எவ்வளவு வருத்தமா இருக்கும். அவங்க வெளியாளுன்னா வெளியாளுன்னுட்டாங்க. அப்பத்தான் உங்க போன் வந்துது. ரெண்டு வண்டியையும் ஒப்பிட்டுப் பார்க்க வர்றேன்னீங்களா, இந்தத் தேதிக்கு வாங்கன்னு சொன்னதே சம்மந்தியம்மாதான். நீங்களும் என்னை மாதிரி நடுநிலையான ஆளு.

அதோ சத்தம் கேக்குதா? கான்டெஸாதான். டீக்கடையில இருந்து கிளம்பிட்டாரு. எந்திரிங்க, பேனாவை உள்ள வைங்க, ரெண்டு கையும் வேணும். வழி இங்கயும் அதே மாதிரிதான், வாய்க்கால் பாலம் வரைக்கும் போய்த் திரும்பணும். முதல்ல அவரு வண்டி, அப்பறம் என்றது.

வாங்க சம்மந்தியம்மா. மோரைக் குடிச்சுட்டாருன்னா சொம்பைக் கையில கொடுத்துரலாம். என்னங்க இது, அரை டம்ளர்தான் மோர் கொண்டாந்திருக்கீங்க? தம்பி அவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்கு. சரி சரி, போயிட்டு வந்து குடிக்கட்டும்.

ஏனுங்க தம்பி, சம்மந்தியம்மா உங்க காதுல என்னமோ சொல்லிட்டுப் போனாங்களே? சும்மா சொல்லுங்க. கான்டெஸாவுல போறப்ப தாகமெடுத்தா கூச்சப்படாம சொம்புல இருந்து ரெண்டு வாய் குடிச்சுக்கச் சொன்னாங்களா? எவ்வளவு அக்கறை பாருங்க, பெத்த தாயிகூட இப்படிப் பார்த்துப் பார்த்துச் சொல்ல மாட்டா. மோரிஸ்ல போறப்ப? பாலத்துல இறங்கி வாய்க்காலை ஒரு பார்வை பார்க்கச் சொன்னாங்களா? மோரிஸ்ல போனா சொம்பு தானா நிறைஞ்சுக்கும்னும் சொன்னாங்களா?

அதையேதான் தம்பி, நானும் நீங்க வந்ததுல இருந்து சொல்லிட்டிருக்கேன்.